அப்பச்சிக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி இது: ஊர் தேவகோட்டைப் பக்கம். அப்பச்சிக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பல வருடச் சர்க்கரை, வலது கண்ணில் நடுப்பார்வை மங்கல். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில், தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை நாலு தவணையாக ஏற்றினால் மூட்டு, சர்க்கரை, கண் மூன்றும் சீராகும், உடம்புக்குப் பத்து வயது குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் நாலரை லட்சம். போதாக்குறைக்குக் கோலாலம்பூர் சின்னாத்தா ‘ஆப்பிள் ஸ்டெம் செல்’ பொடி அனுப்பியிருக்கிறார். வரும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க வேண்டும் என்பது அப்பச்சியின் ஆசை. பணம் கட்டலாமா?

கட்ட வேண்டாம். இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அப்பச்சி கேட்க மாட்டார். முகாமில் படம் போட்டுக் காட்டி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். அதில் பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். அந்தப் பாதி எது என்று பிரித்துச் சொன்னால்தான் அவர் மனசுக்கு ஏற்கும். நான் ரத்தநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஸ்டெம் செல் உயிரைக் காப்பாற்றுவதைத் தினமும் பார்க்கிற இடம் அது. அதனால்தான் மண்டபத்தில் விற்பதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

ஸ்டெம் செல் பிரியும்போது தன்னைப் போலவே ஒரு செல்லை வைத்துக்கொண்டு, இன்னொன்றை வேலைக்கு அனுப்பும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், முதலைக் கரைக்காமல் வட்டியில் குடும்பம் நடத்துவது. ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள்தான் வாழும். செத்துப்போகிறவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ஆயுள் முழுக்கப் புது அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். டொராண்டோவில் டில், மக்கல்லக் என்ற இருவர் 1961-ல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். தோல், குடல், தசை, கண்ணின் கருவிழி ஓரம் என்று அந்தந்த இடத்துக்கென்று தனித்தனி ஸ்டெம் செல் உண்டு. ரத்தத்துடையது ரத்தத்தைத்தான் உண்டாக்கும், தோலுடையது தோலைத்தான்.

வயதானால் வட்டி குறைவதோடு முதலும் கரைகிறது. முதுமையின் அடையாளங்கள் என்று விஞ்ஞானிகள் 2013-ல் ஒன்பதைப் பட்டியலிட்டார்கள், 2023-ல் அது பன்னிரண்டானது. இரண்டு பட்டியலிலும் ஸ்டெம் செல் களைத்துப்போவது இருக்கிறது. ரத்தத்தில் இது நன்றாகவே தெரியும். எழுபது தாண்டியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல், மரபணு மாற்றம் ஏற்பட்ட ஒரே ஒரு ஸ்டெம் செல்லின் வாரிசுகள் ரத்தத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடும், மாரடைப்பு வாய்ப்பும் கூடும். ஆக, வயதாவதற்கும் ஸ்டெம் செல்லுக்கும் தொடர்பு உண்டு என்று முகாமில் சொன்னது பொய்யில்லை.

அங்கிருந்து “அப்படியானால் புது செல்லை ஏற்றினால் இளமை” என்று தாவுகிறார்கள். சிக்கல் அங்கேதான். ஸ்டான்ஃபோர்டில் 2005-ல் ஒரு கிழட்டு எலியையும் ஓர் இளம் எலியையும் ரத்த ஓட்டம் கலக்கும்படி இணைத்துத் தைத்தார்கள். கிழட்டு எலியின் தசை ஸ்டெம் செல்கள் மறுபடி சுறுசுறுப்பாயின. இத்தனைக்கும் அதற்குப் புது ஸ்டெம் செல் எதையும் யாரும் கொடுக்கவில்லை. இருந்த செல்தான், சுற்றியிருந்த சூழல் மாறியதும் வேலை செய்தது. இதைத் திருப்பிப் பாருங்கள். நல்ல இளம் செல்லையே கொண்டுபோய் அழற்சியும் சர்க்கரையும் நிறைந்த 74 வயது உடம்பில் விட்டால் அது எத்தனை நாள் இளமையாக இருக்கும்? யாராவது முகாமில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

நிஜமாகவே பலன் தருகிற இடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை: இதை உருவாக்கிய டொனால் தாமஸுக்கு 1990-ல் நோபல் கிடைத்தது. இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா மருத்துவமனையில் தொடங்கியது, 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் வந்தது. ரத்தப் புற்றுநோயான லுக்கேமியா, பரம்பரை ரத்தச்சோகையான தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் நோய் எல்லாவற்றுக்கும் இது அன்றாட மருத்துவம். சுண்ணாம்போ அமிலமோ பட்டுக் கருவிழி வெந்துபோனவர்களுக்கு, மற்ற கண்ணின் ஓரத்திலிருந்து துளியளவு எடுத்து வளர்த்துப் பார்வை கொண்டுவருவதில் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைக்கு உலக அளவில் பெயர் உண்டு. இரண்டிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எந்தச் செல் கெட்டதோ அதே வகைச் செல் அதே இடத்துக்குப் போகிறது.

முகாம்காரர்கள் ஏற்றுவது வேறு வகை. மீசன்கைமல் செல் என்று பெயர். தொப்புள்கொடி, கொழுப்பு, மஜ்ஜை எதிலிருந்தும் எடுக்கலாம், ஆய்வகத்தில் சுலபமாகப் பெருகும், மற்றவருக்குப் போட்டாலும் உடம்பு பெரிதாக எதிர்க்காது. வியாபாரத்துக்கு இவ்வளவு வசதியான செல் வேறில்லை. இதைக் கை நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். சில நாளில் அநேகமாக எல்லாமே அழிந்துவிடும். முழங்காலுக்கும் கண்ணுக்கும் கணையத்துக்கும் வழி கேட்டுக்கொண்டு போவதில்லை. ஏதாவது பலன் இருந்தால் அது சாவதற்கு முன் அவை சுரக்கும் பொருள்களால், அழற்சியைத் தணிப்பதால். 1991-ல் இவற்றுக்கு ஸ்டெம் செல் என்று பெயர் வைத்த ஆர்னால்ட் காப்லனே, 2017-ல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். மக்கள் அதை நம்பி ஏமாறுகிறார்கள் என்பதுதான் அவர் வருத்தம். அமெரிக்காவில் இந்த வகைச் செல்லுக்கு முதல் அனுமதி 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. அதுவும் மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் ஒரு கடும் எதிர்வினைக்கு, ஸ்டீராய்டும் கேட்காத குழந்தைகளுக்கு மட்டும்.

சரி, முழங்காலுக்கு வருவோம். மூன்று நோயில் கொஞ்சமாவது பேச இடமுள்ளது இது ஒன்றுதான்.

மூட்டுக் குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் தேய்ந்தால் தானாக வளராது. நரம்பில் ஏற்றாமல் மூட்டுக்குள்ளேயே செல்லைச் செலுத்தும் முறை உண்டு. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து தயாரித்த ஒரு மருந்துக்கு, நடுத்தரத் தேய்மானத்துக்கென்று இந்தியாவில் அனுமதி வாங்கி 2022-ல் சந்தைக்கு வந்தது. 2.5 கோடி செல், ஒரே ஊசி, மூட்டுக்குள். இது சட்டப்படி கிடைக்கிற மருந்து, இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வலியும் அசைவும் மேம்பட்டதாக அவர்களின் பரிசோதனை காட்டுகிறது. தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி முளைத்து மூட்டு பழையபடி ஆனது என்று எங்கும் நிரூபணமாகவில்லை. எலும்போடு எலும்பு உரசும் கடைசி நிலைக்கு இது கிடையவும் கிடையாது.

எதிர்ப்பக்கம் ஒரு முக்கியமான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட முழங்கால் நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு அவர்களுடைய மஜ்ஜைச் சாறு, சிலருக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த செல், சிலருக்குத் தொப்புள்கொடிச் செல், மீதிப் பேருக்குச் சாதாரண ஸ்டீராய்டு ஊசி என்று போட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கூட்டத்துக்கும் வலி குறைந்திருந்தது. ஆனால் மூன்று செல்லில் ஒன்றுகூட ஸ்டீராய்டை முந்தவில்லை. 2023-ல் வெளிவந்தது. மலிவான ஊசியும் லட்ச ரூபாய் ஊசியும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டால் எதற்குச் செலவழிப்பது? (ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும். அப்பச்சிக்கு அதைப் போடுவதாக இருந்தால் மூட்டு மருத்துவரிடம் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சில இடங்களில் கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஒரு கருவியில் சுற்றி, மஞ்சள் திரவத்தை முழங்காலில் போட்டுவிட்டு ‘ஸ்டெம் செல்’ என்று ரசீது தருகிறார்கள். அது பி.ஆர்.பி., ரத்தத்தட்டு செறிந்த பிளாஸ்மா. அதில் ஸ்டெம் செல் எதுவும் இல்லை.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் ஒரு தனியார் கிளினிக்கில், விழித்திரை மையச் சிதைவு இருந்த மூன்று வயதான பெண்களுக்கு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ‘ஸ்டெம் செல்லை’ இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர். அதற்குமுன் நடமாடும் அளவுக்குப் பார்வை இருந்தவர்கள் மூவரும் கடுமையாகப் பார்வை இழந்தார்கள். 2017-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி. ஒரு கண்ணில் போட்டு, பொறுத்திருந்து பார்த்து, அப்புறம் மறு கண்ணைத் தொடுவது என்ற சாதாரண எச்சரிக்கைகூட அங்கே இல்லை.

அதே நோய்க்கு ஜப்பானின் கோபே நகரில் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். யமனாகா என்ற ஜப்பான் விஞ்ஞானி 2006-ல் எலியிலும், 2007-ல் மனிதரிலும், சாதாரணத் தோல் செல்லில் நாலு மரபணுக்களை நுழைத்து அதைக் கரு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-ல் நோபல் வாங்கினார். அந்த முறையில், மசாயோ தக்காஹாஷி என்ற கண் மருத்துவர் எழுபது வயது தாண்டிய ஒரு பெண்ணின் தோலை எடுத்து, மாதக்கணக்கில் ஆய்வகத்தில் விழித்திரை நிறமிப் படலமாக வளர்த்து, 2014-ல் ஒரே ஒரு கண்ணில் வைத்தார். நோய் மேலும் மோசமாகாமல் நின்றது, பார்வை பெரிதாக ஏறவில்லை. இரண்டாவது நோயாளியின் செல்லில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும், அவருக்கு வைக்காமலே நிறுத்திவிட்டார்கள். மண்டபத்தில் முகாம் போட்டு விற்கிறவர்களிடம் இந்த நிறுத்தும் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

அப்பச்சிக்குச் செய்ய வேண்டியது வேறு. சர்க்கரைக்காரர் கண்ணில் நடுப்பார்வை மங்கினால் அது மையச் சிதைவா, சர்க்கரையால் விழித்திரையில் வந்த நீர்க்கோப்பா, வெறும் புரையா என்று முதலில் தெரிய வேண்டும். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பஸ் ஏறினால் ஒரே நாளில் விழித்திரை ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். ரத்தக்குழாய் கசிவு என்றால் கண்ணுக்குள் போடும் ஊசி பலருக்குப் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வாரமே போங்கள். இந்தப் பதிலில் அவசரமான விஷயம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

சர்க்கரைக்கும் உண்மையான முன்னேற்றம் வந்திருக்கிறது, ஆனால் அப்பச்சிக்கு இருக்கும் வகைக்கு இல்லை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களை 12 பேருக்குக் கொடுத்ததில், ஒரு வருடத்தில் 10 பேர் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருக்கிறார்கள் என்று 2025-ல் முடிவு வந்தது. அவர்கள் எல்லாரும் முதல் வகைக்காரர்கள், இன்சுலின் சுரப்பே இல்லாதவர்கள். அந்தச் செல்லைக் காப்பாற்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போட வேண்டும். நம் வீடுகளில் ஐம்பதுக்கு மேல் வரும் சர்க்கரை பெரும்பாலும் இரண்டாம் வகை, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பு அதைக் கேட்காத வகை. பேப்பரில் வந்த முதல் வகைச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இரண்டாம் வகைக்காரரிடம் ஊசி விற்கிறார்கள்.

இதேபோல் கை நடுக்கம் வரும் மூளை நோயான பார்க்கின்சனுக்கும் 2025-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன, கியோட்டோவில் ஏழு பேர், வட அமெரிக்காவில் பன்னிரண்டு பேர். மூளைக்குள் வைத்த செல்கள் பிழைத்தன, அந்த நோயில் குறைந்துபோகும் டோபமைனைச் சுரந்தன, கட்டி வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் அது மூளை அறுவை சிகிச்சை, நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி இல்லை.

‘பத்து வயது குறையும்’ என்ற பேச்சுக்கு ஆதாரமாக மயாமி ஆய்வைக் காட்டியிருப்பார்கள். வயதால் தளர்ந்துபோன 30 பேரை மூன்று கூட்டமாக்கி, 10 கோடி செல், 20 கோடி செல், செல் இல்லாத வெறும் ஊசி என்று போட்டார்கள். 10 கோடி போட்டவர்கள் ஆறு நிமிடத்தில் கூடுதல் தூரம் நடந்தார்கள். இரட்டிப்பு அளவு வாங்கியவர்களுக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை. பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் இப்படி முன்னும் பின்னுமாக வந்தால், இன்னும் பெரிய ஆய்வு வேண்டும் என்றுதான் அர்த்தம். வயதையே பின்னோக்கித் திருப்பும் வேலை யமனாகா மரபணுக்களை வைத்து நடக்கிறது. சீக்கிரம் கிழடாகும் நோய் கொண்ட எலிகளுக்கு அவற்றை விட்டுவிட்டு இயக்கி ஆயுளை நீட்டியதாக 2016-ல் காட்டினார்கள். கொஞ்சம் கூடுதலாக இயக்கினால் எலிக்குக் கட்டி வந்துவிடும். மனிதருக்கு இது மண்டபத்தில் கிடைக்கும் காலம் வரவில்லை.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பக்கவாதம் வந்த ஓர் அமெரிக்கர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று அலைந்து முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் போட்டுக்கொண்டார். அங்கே ஒரு கட்டி வளர்ந்தது, கட்டியில் இருந்தது அவருடைய செல்லே இல்லை, வேறொருவருடையது. 2016-ல் பதிவானது. இதெல்லாம் அபூர்வம்தான். சுத்தம் பார்க்காத இடத்தில் ஏற்றிச் சீழ் பிடிப்பது அவ்வளவு அபூர்வமில்லை, சர்க்கரைக்காரருக்கு அது சின்ன விஷயமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான் சிகிச்சை. மற்றது எல்லாம் ஆராய்ச்சி, பதிவான பரிசோதனைக்குள்ளேதான் செய்ய வேண்டும். அனுமதி வாங்கிய ஓரிரு மருந்துகள், மேலே சொன்ன முழங்கால் ஊசி மாதிரி, அந்தந்த நோய்க்கு மட்டும். சர்க்கரையைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. ‘ஜப்பானில் அனுமதி இருக்கிறதே’ என்பார்கள். அங்கே 2014-ல் வந்த சட்டம் ஒரு குழு பார்த்து ஒப்புக்கொண்டால் தனியார் கிளினிக்குகள் செய்ய வழிவிட்டது, பலன் நிரூபணமானது என்று எங்கும் சான்று தரவில்லை.

அப்பச்சி இன்னும் நம்பவில்லை என்றால் அவரையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: “உங்கள் பரிசோதனையின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?” அது ஐ.சி.எம்.ஆர். நடத்தும் பொதுப் பதிவேடு, யாரும் இணையத்தில் தேடலாம். எண் கொடுத்தால் அதில் எந்த நோய், எந்த மருத்துவமனை, எத்தனை பேர் என்று இருக்கும். மூட்டுக்கும் கண்ணுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து ஒரே எண் இருக்காது. இன்னொன்று, முறையான பரிசோதனையில் சேருகிறவரிடம் அந்த ஊசிக்குக் காசு வாங்கக் கூடாது. பரிசோதனையால் கெடுதல் நடந்தால் நடத்துகிறவர்தான் வைத்தியம் பார்த்து இழப்பீடும் தர வேண்டும். வட்டிக்கணக்கு பார்த்துப் பழகிய மனுஷர், நாலரை லட்சம் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்கே புரியும்.

அந்தப் பணத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டை வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரவழையுங்கள். தொடைத் தசை வலுவானால் முழங்கால் பாரம் குறையும், இதற்கு இருக்கும் ஆதாரம் எந்தச் செல் ஊசிக்கும் இல்லை. எடை கூடுதலாக இருந்தால் ஐந்து கிலோ குறைந்தாலே படியேறும்போது தெரியும். பழைய வீடாக இருந்தால் முகப்பிலிருந்து வளவுக்கு இறங்கி ஏறும் உயரப் படிகளுக்குக் கைப்பிடி வையுங்கள், ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தேய்மானம் முற்றியிருந்தால் மூட்டு மாற்று அறுவைதான். உள்ளே வைக்கும் செயற்கை மூட்டின் விலைக்கு 2017-ல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது, அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் செய்கிறார்கள்.

பழனி? குன்றக்குடியில் கிளம்பிச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக முழுத் தூரமும் நடப்பதை இந்த வருடம் டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். காவடியோடு ஒரு தங்கலிலிருந்து அடுத்த தங்கல் வரைக்கும் நடக்கலாம், மீதிக்கு வண்டி. கால் மரத்துப்போகிறதா என்று சர்க்கரை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெறுங்காலோடு நடப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இப்போதிருந்தே தினமும் கோயில் ஊருணியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கிழட்டு எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டால் அவற்றின் தசை ஸ்டெம் செல்கள் மறுபடி வேகமெடுக்கின்றன என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. எலி ஆய்வுதான், ஆனால் இதைச் செய்து பார்க்கக் காசு வேண்டாம்.

சின்னாத்தா அனுப்பிய பொடி பாக்கி. ஸ்விட்சர்லாந்தில் ஒரு பழைய ஆப்பிள் ரகத்தின் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து எடுத்த சாறு முகக் கிரீமுக்காக வந்தது, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மலேசியாவில் ஆள் சேர்த்து விற்கும் கம்பெனிகள் பாக்கெட் பாக்கெட்டாக விற்கின்றன. ஆப்பிளின் செல் ஆப்பிள் மரத்துக்குத்தான் உதவும், வயிற்றில் போனால் மற்ற சாப்பாட்டைப் போல் செரித்துவிடும். சின்னாத்தா மனசு நோக வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கக் கொடுக்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கம் மால்டோடெக்ஸ்ட்ரின், ஃப்ரக்டோஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரை மாதிரியே ரத்தத்தில் ஏறும், அப்பச்சிக்குக் கொடுக்கவே கூடாது.